கப்பல் காத்திருக்காது: துறைமுக நகரங்களில் ‘ஹாப் ஆன் ஹாப் ஆஃப்’ பேருந்தைப் பயன்படுத்துவது எப்படி?

சொகுசுக் கப்பலில் பயணம் செய்வோருக்கு ஒவ்வொரு துறைமுகத்திலும் கிடைப்பது பெரும்பாலும் ஒரு பகல் பொழுது மட்டுமே. காலையில் கப்பல் வந்து நிற்கும், மாலையில் புறப்பட்டுவிடும். இந்தக் குறுகிய நேரத்தில் முன்பின் அறியாத நகரைச் சுற்றிப் பார்க்கப் பலரும் நாடுவது, விரும்பிய இடத்தில் இறங்கி மீண்டும் ஏறிக்கொள்ளும் ‘ஹாப் ஆன் ஹாப் ஆஃப்’ சுற்றுலாப் பேருந்துகளையே. இவை வசதியானவைதான். ஆயினும், கப்பலின் நேரத்தை மறந்து பயன்படுத்தினால் பயணத்தையே இழக்கும் நிலை ஏற்படலாம். குறிப்பாக, விசா விதிகளுக்கு உட்பட்டுப் பயணிக்கும் இந்தியர்களுக்கு இந்த இழப்பு கூடுதல் சிக்கலாகும்.

ஐரோப்பாவின் மிகப் பரபரப்பான கப்பல் சுற்றுலாத் துறைமுகங்களுள் ஒன்றான ஸ்பெயினின் பார்சிலோனாவை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இப்பேருந்துகளைப் பயன்படுத்தும் முறையை இங்கே காணலாம்.

இப்பேருந்துகள் இயங்கும் முறை

நகரின் முக்கிய இடங்களை இணைக்கும் வகையில் வகுக்கப்பட்ட வட்டத் தடத்தில், மேற்கூரை திறந்த இரட்டை அடுக்குப் பேருந்துகள் குறிப்பிட்ட இடைவெளியில் இயக்கப்படுகின்றன. ஒரு நாள் அல்லது இரண்டு நாள்களுக்குச் செல்லும் பயணச்சீட்டை ஒருமுறை வாங்கினால், அக்காலத்துக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். ஆங்கிலம் உள்ளிட்ட பல மொழிகளில் பதிவு செய்யப்பட்ட விளக்கவுரையைப் பேருந்திலேயே கேட்கலாம்.

பார்சிலோனாவில் ‘பஸ் துரிஸ்டிக்’ எனப்படும் சேவை 1987-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. ‘பார்சிலோனா சிட்டி டூர்’ என்ற மற்றொரு சேவையும் உண்டு. ஒன்றின் பயணச்சீட்டு மற்றொன்றில் செல்லாது. இரண்டின் நிறுத்தங்களும் பல இடங்களில் அருகருகே இருப்பதால், ஏறுவதற்கு முன் பெயரைச் சரிபார்ப்பது அவசியம்.

துறைமுகத்தின் பெயரும் நகரத்தின் தொலைவும்

பயணத் திட்டத்தில் ‘ரோம்’ என்று அச்சிடப்பட்டிருந்தாலும் கப்பல் நிற்பது சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிவிடவெக்கியாவில்தான். ‘பாரிஸ்’ என்றால் பெரும்பாலும் சுமார் 200 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள லே ஹாவ்ர் துறைமுகம். ‘புளோரன்ஸ்’ என்றால் லிவோர்னோ. இத்தகைய நகரங்களில் போய்வரும் பயணமே பல மணி நேரத்தை விழுங்கிவிடுவதால், அதன்பின் பேருந்தில் ஏறி இறங்கிச் சுற்றுவதற்குப் போதிய நேரம் எஞ்சாது. மாறாக, இத்தாலியின் நேப்பிள்ஸ் போன்ற ஊர்களில் கப்பல் முனையத்தில் இருந்து நடந்தே நகர மையத்தை அடையலாம். எனவே முதலில் பார்க்க வேண்டியது பேருந்துக் கட்டணத்தை அல்ல. கப்பல் நிற்கும் இடத்துக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் இடையே உள்ள தொலைவை.

பார்சிலோனா இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. பெரிய கப்பல்கள் பலவும் நிற்கும் ‘மோல் அடோசாட்’ துறைமுகத் தளம், நகரின் விளிம்பில் உள்ள கொலம்பஸ் நினைவுத் தூணில் இருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 1888-ஆம் ஆண்டு உலகக் கண்காட்சியையொட்டி எழுப்பப்பட்ட, சுமார் 60 மீட்டர் உயரமுள்ள அத்தூண் தொலைவில் இருந்தே கண்ணுக்குத் தெரியும். முனையங்களுக்கும் தூணுக்கும் இடையே துறைமுக இணைப்புப் பேருந்து இயக்கப்படுகிறது. இதற்குத் தனிக் கட்டணம் உண்டு. நகர மெட்ரோ பயணச்சீட்டு இதில் செல்லாது. டாக்சியும் கிடைக்கும். சுற்றுலாப் பேருந்தின் சிவப்புத் தடத்தைத் தூணின் அருகிலேயே பிடிக்கலாம்.

பத்து மணி நேரம் என்பது ஏழு மணி நேரமே

கப்பல் காலை 8 மணிக்கு வந்து மாலை 6 மணிக்குப் புறப்படுவதாகக் கொள்வோம். கணக்கில் 10 மணி நேரம். ஆனால் துறைமுக அனுமதி கிடைத்து, வரிசையில் நின்று இறங்கி, இணைப்புப் பேருந்தைப் பிடித்துக் கொலம்பஸ் தூணை அடையும்போது மணி 9.15 ஆகிவிடும். பயணிகள் திரும்ப வேண்டிய கடைசி நேரம், கப்பல் புறப்படுவதற்கு 30 நிமிடங்கள் அல்லது அதற்கும் முன்னதாகவே நிர்ணயிக்கப்படும். அதாவது 5.30 மணி. வரிசைக்கும் போக்குவரத்து நெரிசலுக்கும் இடம் விட்டால், 4.15 மணிக்குள் தூணுக்குத் திரும்பியாக வேண்டும். எஞ்சுவது ஏழு மணி நேரம்.

இறங்காமல் ஒரு தடத்தை முழுமையாகச் சுற்றி வரவே ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். சக்ரடா ஃபமிலியா தேவாலயத்தைப் பார்க்க ஒன்றரை மணி நேரம், மதிய உணவுக்கு முக்கால் மணி நேரம், தூணுக்கும் நகர மையத்துக்கும் போய்வர ஒரு மணி நேரம் எனக் கூட்டினால் ஐந்தே கால் மணி நேரம் கழிந்துவிடும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அடுத்த பேருந்துக்காக 15 நிமிடங்கள் காத்திருப்பதாகக் கொண்டாலும், நான்கு முறை இறங்கினால் மேலும் ஒரு மணி நேரம் போய்விடும். கோடைக் காலத்தில் முதலில் வரும் பேருந்தில் இடமில்லாமல் அடுத்ததற்காக நிற்க நேர்வதும் உண்டு. எனவே ஒரு பகலில் இரண்டு இடங்களில் மட்டும் இறங்குவதே நிதானமான திட்டம்.

சுற்று ஒரே திசையில்

பலரும் கவனிக்கத் தவறுவது இதைத்தான். இப்பேருந்துகள் பொதுவாக ஒரே திசையில் சுற்றுகின்றன. வந்த வழியே திரும்ப முடியாது. தொடங்கிய இடத்தை அடைய மீதிச் சுற்று முழுவதையும் கடந்தாக வேண்டும்.

பார்சிலோனாவில் சிவப்பு, நீலத் தடங்கள் சந்திக்கும் இடம் கத்தலூன்யா சதுக்கம். சக்ரடா ஃபமிலியாவுக்குச் செல்வது நீலத் தடம். சதுக்கத்தில் இருந்து சிறிது நேரத்தில் தேவாலயத்தை அடைந்துவிடலாம். ஆனால் அதே பேருந்தில் சதுக்கத்துக்குத் திரும்ப வேண்டுமானால் குவெல் பூங்கா, நகரின் மேட்டுப் பகுதிகள், கேம்ப் நூ கால்பந்து அரங்கம் என நீண்ட சுற்றைக் கடக்க வேண்டும். மாலை நெரிசலில் இது எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை முன்கூட்டியே சொல்ல இயலாது.

இதற்கு எளிய தீர்வு, போகும்போது சுற்றுலாப் பேருந்து, திரும்பும்போது மெட்ரோ அல்லது டாக்சி என்பதே. சக்ரடா ஃபமிலியா நிலையத்தில் இருந்து எல்-2 மெட்ரோவில் பாரலெல் நிலையம் சென்று, அங்கிருந்து எல்-3 தடத்தில் ஒரே நிலையம் கடந்தால் திராசனெஸ். கொலம்பஸ் தூண் அதன் அருகில்தான் உள்ளது. பேருந்துச் சீட்டுக்கு முழுக் கட்டணம் செலுத்தியாயிற்றே என்பதற்காகத் திரும்பும் வழியிலும் அதையே நம்பியிருக்க வேண்டியதில்லை. தடங்களும் நிறுத்தங்களும் அவ்வப்போது மாற்றப்படுவதால், ஏறும்போது அன்றைய வரைபடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

பேருந்துச் சீட்டு நுழைவுச்சீட்டு அல்ல

பேருந்துக் கட்டணத்தில் சுற்றுலாத் தலங்களின் நுழைவுக் கட்டணம் அடங்காது. 1882-இல் பணி தொடங்கப்பட்டு, கட்டடக் கலைஞர் அந்தோனி கௌடியின் பெயருடன் பிரிக்க முடியாதபடி இணைந்துவிட்ட சக்ரடா ஃபமிலியாவுக்கு, நேரம் குறிக்கப்பட்ட நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். கௌடி வடிவமைத்த குவெல் பூங்காவுக்கும் இதே நடைமுறைதான். மேலும், பூங்காவுக்கான பேருந்து நிறுத்தத்தில் இருந்து மேட்டில் சிறிது தொலைவு நடக்க வேண்டும். முதியோருடன் செல்வோர் இதை எண்ணிப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

முன்பதிவில் குறிக்கும் நேரம், கப்பல் வரும் நேரத்தில் இருந்து குறைந்தது மூன்று மணி நேரம் தள்ளி இருப்பது பாதுகாப்பானது. கப்பல் தாமதமாக வந்தாலும் நுழைவுச்சீட்டு வீணாகாது.

கப்பலைத் தவறவிட்டால்

கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். இயலாவிட்டால் பயணிகளை அடுத்த துறைமுகத்துக்குக் கொண்டு சேர்ப்பது நிறுவனத்தின் பொறுப்பு. தாமாக நகரைச் சுற்றச் சென்றவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவிலேயே செல்ல வேண்டும்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்குச் சிக்கல் இதோடு முடிவதில்லை. பார்சிலோனாவுக்கு அடுத்து பிரான்சின் மார்செய் என்றால், இரண்டும் ஷெங்கன் பகுதிக்குள் இருப்பதால் செல்லத்தக்க விசாவுடன் ரயிலில் சென்று சேரலாம். அடுத்தது ஷெங்கன் பகுதிக்கு வெளியே உள்ள நாடு என்றால், அந்நாட்டுக்கான விசா தனியாகத் தேவைப்படலாம். கப்பலில் வந்திறங்கும் பயணிகளுக்குத் தரப்படும் சலுகை, விமானத்தில் தனியாக வருவோருக்குப் பொருந்தாமல் போகலாம். கப்பல் ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறி மீண்டும் நுழையும் பயணங்களுக்குப் பலமுறை நுழைவு அனுமதியுள்ள விசா தேவை என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

சில பயணங்களில் கடவுச்சீட்டுகளைக் கப்பல் ஊழியர்களே வாங்கி வைத்துக்கொள்கின்றனர். ஆகவே கடவுச்சீட்டு, விசா ஆகியவற்றின் நகல்களையும், கப்பல் அடையாள அட்டையையும், வங்கி அட்டையையும், அன்றாட மருந்துகளையும் கரைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். கப்பலின் அன்றைய நிகழ்ச்சி நிரலில் உள்ளூர்த் துறைமுக முகவரின் தொலைபேசி எண் அச்சிடப்பட்டிருக்கும். அதைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளலாம். கப்பல் தவறினால் முதலில் தொடர்பு கொள்ள வேண்டியது அவரைத்தான். பார்சிலோனாவில் 2024-ஆம் ஆண்டு முதல் இந்தியத் துணைத் தூதரகமும் செயல்பட்டு வருகிறது.

புறப்படும் முன்

கப்பலின் கடிகாரமும் உள்ளூர் நேரமும் சில துறைமுகங்களில் வேறுபடும். கைப்பேசி தானாகவே உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். ஆகவே, இறங்கும் வாயிலில் எழுதி வைக்கப்பட்டிருக்கும் நேரமே கணக்கு. மேல் தளத்தில் நிழல் இராது என்பதால் தொப்பியும் தண்ணீரும் தேவை. ராம்ப்லா போன்ற கூட்டம் மிகுந்த தெருக்களில் பிக்பாக்கெட் திருட்டு அதிகம் என்பதால் ஆவணங்களைப் பின்பையில் வைப்பது கூடாது.

ஒரே ஒரு தலத்தை நிறைவாகப் பார்க்க விரும்புவோருக்கு மெட்ரோவே விரைவானது, செலவும் குறைவு. நகரின் முகத்தை முதன்முறையாகப் பார்க்க விரும்புவோருக்கும், அதிகம் நடக்க இயலாதோருக்கும் இப்பேருந்து பொருத்தமானது. எதைத் தேர்ந்தெடுத்தாலும், கப்பலுக்குத் திரும்ப வேண்டிய நேரத்தை முதலில் எழுதிவிட்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டே அன்றைய பயணத்தைத் திட்டமிட வேண்டும்.