பெர்லின் நகரப் புகைவண்டியும் எம்மவர் வந்த வழியும்

புகையிரதம் என்றதும் எம்மவர் மனத்தில் முதலில் எழுவது யாழ்தேவியின் நினைவே. யாழ் குடாநாட்டில் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே முதல் வண்டி ஓடியது 1902 ஆம் ஆண்டிலாகும். அதே ஆண்டில் ஜேர்மனியிலும் ஒரு புதிய நீராவி இயந்திர வகை பிறந்தது. பிரஷ்ய அரச புகையிரதப் பகுதி அதற்கு 'ரி 12' எனப் பெயரிட்டது. அது ஓடிய பாதை பிற்காலத்தில் எமது மக்களின் வரலாற்றிலும் இடம்பெற்றது என்பதை இளந்தலைமுறையினர் அறிந்திருத்தல் நன்று.

பெர்லின் நகரின் நடுவே செங்கல் வளைவுகளின் மேல் கட்டப்பட்ட 'ஸ்ராட்பான்' என்னும் நகரப் பாதை 1882 இல் திறக்கப்பட்டது. அவ்வளைவுகள் 731 ஆகும். தொழிற்சாலைகள் பெருகப் பெருக, காலையிலும் மாலையிலும் தொழிலாளர் கூட்டம் வண்டிகளில் நிரம்பி வழிந்தது. நிலையங்களோ அருகருகே அமைந்திருந்தன. எனவே நின்றவுடன் விரைந்து புறப்படக்கூடிய, வலுமிக்க இயந்திரம் தேவைப்பட்டது.

ரி 12 தன் நீரையும் நிலக்கரியையும் தன்மீதே சுமந்து சென்றது. பின்னால் தனி வண்டி எதுவும் இணைக்கப்படவில்லை. அதனால் பாதையின் முடிவில் இயந்திரத்தைத் திருப்பவேண்டிய அவசியமின்றி, முன்னும் பின்னுமாக ஓடமுடிந்தது. ஆயினும் இவ்வாறு சுமக்கும் நீரின் அளவு சிறிது. இக்குறையை ஈடுசெய்தது பொறியியலாளர் வில்ஹெல்ம் ஷ்மிட் வகுத்த முறை. கொதிகலனிலிருந்து வெளிவரும் நீராவியை மீண்டும் சூடாக்கி, ஈரமற்றதாக்கிய பின்னரே உருளைக்குள் செலுத்தினர். இதனால் நீரும் நிலக்கரியும் மிச்சமாயின. மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் செல்லவல்ல இவ்வகை இயந்திரங்கள் ஆயிரத்தை அண்மித்த எண்ணிக்கையில் கட்டப்பட்டன.

இத்தாலியிலும் இத்தகைய தேவை எழுந்தது. குறுந்தூர வண்டிகளுக்காக 1912 முதல் 875 என்னும் வகையும், பின்னர் மீள்சூடாக்கிய நீராவியில் இயங்கிய 880 என்னும் வகையும் இங்கு கட்டப்பட்டன. ரி 12 போலவே, முன்னே ஒரு சிறிய அச்சும் அதன்பின் மூன்று இயக்க அச்சுகளும் கொண்டவை அவை.

1928 இல் ஸ்ராட்பான் பாதைக்கு மின்சார வண்டிகள் வந்தன. ரி 12 ஏனைய பாதைகளுக்குச் சென்று, 1960களில் சேவையிலிருந்து மறைந்தது. எஞ்சியவற்றுள் ஒன்று போகும் நகரின் டால்ஹவுசன் புகையிரத அரும்பொருளகத்தில் உள்ளது.

இயந்திரம் மறைந்தாலும் பாதை நிலைத்தது. 1961 இல் பெர்லின் சுவர் எழுந்தபின், அப்பாதையிலுள்ள பிரீட்றிக்ஸ்ராசே நிலையம் கிழக்கிற்கும் மேற்கிற்கும் இடையிலான வாயிலாயிற்று. மேற்கு வல்லரசுகள் அக்கோட்டை நாட்டெல்லையாக ஏற்காததால், மேற்குப் பக்கத்தில் முறையான எல்லைப் பரிசோதனை இருக்கவில்லை. 1980களில், குறிப்பாக 1983 யூலை வன்செயல்களின் பின்னர், எம்மவர் பலர் விமானமூலம் கிழக்கு பெர்லின் ஷோனபெல்ட் வந்திறங்கி, இந்நிலையத்தினூடாக மேற்கு பெர்லினை அடைந்து அரசியல் தஞ்சம் கோரினர். 1985, 1986 ஆம் ஆண்டுகளில் கிழக்கு ஜேர்மனி விதித்த விசாக் கட்டுப்பாடுகளால் அவ்வழி அடைபட்டது.

ஒருகாலத்தில் தொழிலாளரை வேலைக்கு ஏற்றிச் சென்ற அதே வளைவுகளின் மேல், பின்னாளில் ஒரு பயணப்பையுடன் எமது இளைஞர்கள் சென்றனர். இயந்திரத்தின் அச்சும் கொதிகலனும் அளந்து எழுதப்பட்டுள்ளன. அதன் ஒரு பிரதி அரும்பொருளகத்தில் பேணப்படுகிறது. அவ்வழியே வந்தவர்களின் பயணமோ பெரும்பாலும் அவர்களின் நினைவில் மட்டுமே தங்கியுள்ளது. சீசாவில் வாழும் எமது குடும்பங்கள் ஒவ்வொன்றுக்கும் வந்த வழி ஒன்று உண்டு. எந்த ஆண்டு, எந்த நிலையம், யாருடைய உதவி என்பவற்றை மூத்தோர் கூற, பிள்ளைகள் எழுதி வைத்தல் வேண்டும். நாம் எழுதாவிடின் அவ்வரலாற்றை எமக்காக எழுதுவார் எவருமிலர்.