காவியோடு சட்டமன்றம் போனவர்

பழைய தென்னாற்காடு மாவட்டத்திலிருந்து சென்னைச் சட்டமன்றம் சென்றவர்களில் ஒரு துறவியும் உண்டு: சுவாமி சகஜானந்தர். அமெரிக்காவில் 1789இல் கூடிய முதல் பிரதிநிதிகள் சபையின் தலைவர் பிரெடரிக் முலன்பர்க்கும் லூத்தரன் போதகர்தான். ஆனால் அவர் பிரசங்க மேடையை விட்டு இறங்கிய பிறகே அரசியலுக்கு வந்தார். சகஜானந்தர் காவியைக் கழற்றவே இல்லை. மடமும் மன்றமும் அவருக்கு ஒரே வேலையின் இரண்டு கைகள் என்பேன்.

1890இல் ஆரணி அருகே மேல்புதுப்பாக்கத்தில் தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்த முனுசாமி, திண்டிவனத்தில் அமெரிக்க மிஷன் பள்ளியில் 'சிகாமணி' ஆனார். மதம் மாற மறுத்து வெளியேறினார். பின்னர் வியாசர்பாடி கரபாத்திர சுவாமிகளிடம் சகஜானந்தர் ஆனார். (இன்னொருவர் வைத்த பெயரை உதறத் தெரிந்தவர் என்பதைக் கவனிக்க வேண்டும்.) 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கினார். பள்ளியைப் பக்தியால் தொடங்கலாம். விடுதிக்கும் உதவித்தொகைக்கும் அரசாணை வேண்டும். 1926இல் அவர் சட்டசபைக்குள் நுழைந்ததை நான் அப்படித்தான் படிக்கிறேன்.

அது அரசு தந்த நியமனப் பதவிதானே என்பார்கள். உண்மை. ஆனால் 1952, 1957 தேர்தல்களில் சிதம்பரம் வாக்காளர்களே அவரை அனுப்பினார்கள். நெருப்பில் புகுந்த நந்தனாரை முன்னிறுத்தியது பணிவைப் போதித்ததாகாதா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. அதில் நியாயமும் உண்டு. ஆயினும் அந்தப் பெயரில் அவர் எழுப்பியது வகுப்பறை. 1959 மே 1ஆம் தேதி இறந்தபோதும் அவர் சிதம்பரம் தொகுதியின் உறுப்பினர்.