குப்பியும் மாத்திரையும்

பள்ளிபாளையம் பக்கம் கரும்பு வெட்டுக்கு ஆள் இறங்கினால் பாம்புக்கடிப் பேச்சும் கூடவே வரும். ஓடப்பள்ளி ஆலைக்குப் போகிற கரும்பின் சோகைக்குள் எலி இருக்கும். எலி தேடிக் கண்ணாடிவிரியன் வரும். கடிபட்டவரைப் பாலம் தாண்டி ஈரோட்டுக்கோ, கிழக்கே திருச்செங்கோட்டுக்கோ தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அங்கே ஏற்றுவது நூறாண்டு தாண்டிய குதிரைச் சீரம். அதற்குத் துணையாக வரெஸ்பிளாடிப் என்ற மாத்திரை இப்போது சோதனையில் இருக்கிறது. இரண்டையும் விலங்குகளிடம்தான் முதலில் சோதித்தார்கள். ஆனால் கேட்ட கேள்வி வேறு.

சீரத்துக்கான நஞ்சில் பெரும்பங்கு, 1978இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. அதைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்தில் ஊறும் எதிர்ப்பொருளைப் பிரிக்கிறார்கள். 1 மி.லி. மருந்து நல்லபாம்பு, கண்ணாடிவிரியன் நஞ்சில் 0.6 மி.கி. வீதமும், கட்டுவிரியன், சுருட்டைவிரியன் நஞ்சில் 0.45 மி.கி. வீதமும் முறிக்க வேண்டும் என்பது இந்திய விதி. இதைச் சொல்ல வேண்டியது சுண்டெலி. நஞ்சையும் மருந்தையும் குழாயில் ஒன்றாகக் கலந்து, உடல் வெப்பத்தில் அரைமணி நேரம் வைத்து, எலியின் வால் ரத்தநாளத்தில் ஏற்றுகிறார்கள். பிறகு எத்தனை பிழைத்தன என்று எண்ணுகிறார்கள். மருந்தோடு கலந்த நஞ்சை எந்தப் பாம்பும் கக்குவதில்லை. குப்பியின் வீரியத்தை இந்தச் சோதனை சொல்லும்; தாமதமாக வருகிறவனின் கதியைச் சொல்லாது.

பக்கவிளைவையும் அது முன்கூட்டிக் காட்டவில்லை. எலியும் முயலும் தாங்கிய இந்தியச் சீரத்தை இலங்கையில் 1,007 நோயாளிகளிடம் கவனித்தார்கள். 2011இல் வெளியான அந்த ஆய்வில், முக்கால்வாசிப் பேருக்கு ஒவ்வாமை போன்ற எதிர்விளைவு வந்தது. முன்கூட்டியே சிறு அளவு அட்ரினலின் போட்டவர்களிடம் கடுமையான விளைவு வெகுவாகக் குறைந்தது. குதிரைப் புரதத்துக்கு மனித உடல் காட்டும் சினத்தை எலியிடம் எதிர்பார்ப்பதே தப்பு.

மாத்திரைக்கு நடந்த சோதனை வயலுக்குக் கொஞ்சம் நெருக்கமானது. அமெரிக்கப் பவளப்பாம்பின் நஞ்சை இளம்பன்றிகளுக்குச் செலுத்தி, உடல் தளர்ந்த பிறகு மருந்து கொடுத்தும் அவை தேறின என்று 2018இல் எழுதினார்கள். நஞ்சிலுள்ள பாஸ்போலிபேஸ் நொதியை அடக்குவதே மருந்தின் வேலை. கட்டுவிரியன், கண்ணாடிவிரியன் நஞ்சில் இந்த நொதிக்குப் பெரும்பங்கு உண்டு என்பது நமக்கு ஆறுதல்.

இந்த மருந்துக்கு ஒரு பழங்கதையும் உண்டு. இதயநோய்க்காக 5,000 பேருக்கு மேல் பங்கேற்ற 16 வாரத் திட்டத்தில் கொடுத்துப் பார்த்தபோது மாரடைப்பு கூடியது; 2012இல் நிறுத்திவிட்டார்கள். மனிதரிடம் போகலாம் என்று விலங்குகள் வழிவிட்ட மருந்துதான் அது. பாம்புக்கடிக்குச் சில நாள் மட்டும் கொடுப்பதால் அபாயம் குறைவு என்பது இப்போதைய வாதம். வாதம் நியாயமானதே, தீர்ப்பாகிவிடாது.

இந்தியாவிலும் அமெரிக்காவிலும் சீரத்தோடு சேர்த்து 95 பேரிடம் இதைச் சோதித்து, முடிவை 2024இல் வெளியிட்டார்கள். மொத்தத்தில் எதிர்பார்த்த பலன் உறுதிப்படவில்லை. கடித்து 5 மணி நேரத்துக்குள் மருந்து கிடைத்தவர்களிடம் மட்டும் தேறுதல் தெரிந்தது. நேரத்தைக் கணக்கில் கொண்ட வகையில் பன்றிச் சோதனையே என் பார்வையில் மேல். ஆனாலும் கடைசிச் சொல் மனிதச் சோதனைக்குத்தான்.

மாத்திரை கடைக்கு வரவில்லை. வரும்வரை, கடிவாயைக் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், மந்திரிக்கப் போய் நேரத்தைத் தொலைக்காதீர்கள். 108ஐ அழையுங்கள்.