முத்துப் பார் முதல் சங்காயம் வரை

கணபதிக்குக் கடல் இல்லை. ஆகவே நம் பங்கின் விழா மலரிலே கடலைப் பற்றி ஒரு வரலாற்றுக் கட்டுரை எதற்கு என்று வாசகர் கேட்கலாம். தவக்கால வெள்ளிக்கிழமையில் சுத்தபோசனம் அனுசரித்து உக்கடத்துக்கு மீன் வாங்கப் போகிறவர்களும், ஞாயிறன்று கோழிக் குழம்பு வைப்பவர்களுமாகிய நமக்கு இவ்வரலாற்றிலே பங்கு உண்டு. மீனைவிடக் கோழியிலேதான் அது அதிகம் என்றால் வியப்பாயிருக்கும்.

இராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே, மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் வரிசையாக அமைந்தன. அவற்றைச் சுற்றிலும் பவளப் பாறைகள். கடலடியில் பாறை மேடிட்ட இடத்தைக் கரையோர மக்கள் 'பார்' என்பர். விளைமீன், ஓரா, கலவாய், கிளிமீன் யாவும் பாரை அண்டி வாழ்வன. முத்துச் சிப்பி பற்றி வளர்வதும் பாரிலேதான். புனித சவேரியார் 1542-ஆம் ஆண்டு வந்து சேர்ந்த முத்துக்குளித்துறை இக்கரையே.

அந்த முத்துக் குளிப்பு எப்படி நடந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். நினைத்தபோது எவரும் மூழ்கிவிட முடியாது. முதலில் பாரைச் சோதிப்பார்கள். மாதிரிக்குச் சிப்பிகளை எடுத்து, எண்ணி, வயதைக் கணித்து, முத்தின் மதிப்பையும் பார்த்த பின்னரே குளிப்பு அறிவிக்கப்படும். சிப்பி முதிரவில்லையென்றால் அவ்வாண்டு குளிப்பு இல்லை. தொடர்ந்து பல ஆண்டுகள் குளிப்பே நடவாத காலங்களும் உண்டு. சங்கு குளிப்பிலும் அப்படியே. அளவுக்குச் சிறிய சங்கைத் திரும்பக் கடலிலே விட்டுவிட வேண்டும். இதெல்லாம் கடலின்மேல் இரக்கங்கொண்டு செய்ததன்று. அரசாங்கத்துக்கு வருமானம் கெடக்கூடாதே என்ற கவலைதான். ஆயினும், கீழே என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்த்த பிறகே கை வைத்தார்கள். தூத்துக்குடியின் கடைசி முத்துக் குளிப்பு 1961-ல் நடந்தது.

அதற்குள் வேறொரு காலம் பிறந்துவிட்டது. 1953-ல் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் இந்திய-நார்வே திட்டம் தொடங்கியது. மீனவரின் வறுமையைப் போக்கவென்றே வந்த நல்ல நோக்கமுள்ள திட்டம். ஆனால் இறாலுக்கு அமெரிக்காவிலும் ஜப்பானிலும் விலை கிடைத்ததும் விசைப்படகும் இழுவை மடியும் நம் கரையெங்கும் பெருகின. மடிக்குக் கண் இல்லை. இறாலைத் தேடித் தரையை வாரும்போது மீன்குஞ்சு, நண்டு, கடற்குதிரை, சில வேளை ஆமையும் சேர்ந்தே வந்துவிடும். அடியில் உருளை கட்டிய மடியோ பாரின் மேலேயே உருண்டு செல்லும். வள்ளத்திலும் கட்டுமரத்திலும் போனவர்களுடைய வலைகள் அறுந்தன. 1970-களில் சென்னை முதல் கேரளம் வரை கடலிலும் கரையிலும் மோதல்கள் மூண்டன. இரு தரப்பிலும் நம் சபையைச் சேர்ந்தவர்களே பலர் என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியுள்ளது. கேரளத்திலே தந்தை தாமஸ் கோச்சேரி போன்ற குருக்களும் கன்னியரும் நாட்டுப்படகு மீனவரோடு நின்று உண்ணாநோன்பிருந்தனர்.

சட்டங்கள் இதன் பின்னரே பிறந்தன. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-ல் நிறைவேறியது. கரையிலிருந்து 3 கடல் மைல், அதாவது ஏறக்குறைய ஐந்தரைக் கிலோமீட்டர், நாட்டுப்படகுக்கென ஒதுக்கப்பட்டது. இராமேஸ்வரம் பக்கத்தில் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற ஏற்பாடும் வந்தது. 1986-ல் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாயின. (சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்த காலம் அதற்கு முந்தியது. தீவுகளில் இரண்டு இன்று நீருக்குள் அமிழ்ந்து கிடக்கின்றன.) 2001 முதல் ஏப்ரல் 15-ல் தொடங்கி 45 நாட்கள் விசைப்படகு கடலுக்குப் போவதற்குத் தடை, 2017-ல் அது 61 நாட்களாயிற்று. உக்கடத்தில் அம்மாதங்களில் மீன் விலை ஏறுவதன் காரணங்களுள் இது முதன்மையானது.

நாளையும் தூரத்தையும் சட்டம் அளந்தது. மடியில் ஏறி வந்ததை அளப்பதுதான் கடினமாயிற்று. வேண்டாத மீனை முன்பெல்லாம் கடலிலேயே கொட்டிவிடுவார்கள். உலக உணவு வேளாண் நிறுவனம் 1994-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகெங்கும் ஆண்டுக்குச் சுமார் 270 லட்சம் டன் அவ்வாறு கொட்டப்பட்டது. இக்காலத்தில் அத்தனையும் கொட்டப்படுவதில்லை. இராமேஸ்வரத்தில் அதற்குச் 'சங்காயம்' என்று பெயரும் விலையும் உண்டு. மணலில் உலர்த்தி மூட்டை கட்டி, கோழித் தீவனத்துக்காக நாமக்கல் பகுதிக்கு லாரியில் ஏற்றுகிறார்கள். டீசல் செலவுக்காவது ஆகட்டுமே என்று படகுக்காரர் வைத்துக்கொள்கிறார். அவரை மட்டும் நாம் குறை சொல்வதற்கில்லை. கடல் இல்லாத கொங்கு நாட்டிலிருந்து போகும் பணந்தான், இன்னும் ஓராண்டு வளர்ந்தால் ஒரு குடும்பத்துக்கு உணவாகியிருக்கக்கூடிய விளைமீன் குஞ்சுக்கு விலை வைக்கிறது.

விலை இருக்கும்வரை வலைக்கண்ணின் அளவைப் பற்றிய விதி ஏட்டிலேயே நின்றுவிடும். ஆமைகள் தப்புவதற்கான கருவியைக் கொச்சியிலுள்ள மத்திய நிறுவனம் வடிவமைத்துக் கொடுத்தும் படகுகளில் அது பரவலாகப் பொருத்தப்படவில்லை. 2019-ல் அமெரிக்கா நம் கடல் இறாலை வாங்குவதை நிறுத்தியது.

கணவாய்க்கு அப்பால் கேரளத்தார் வேறு வழி பிடித்தார்கள். 2015 முதல் படிப்படியாக 58 இனங்களுக்குக் குறைந்தபட்ச நீளத்தை விதித்தார்கள். அதற்குக் குறைந்ததைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். மத்திக்கு 10 சென்டிமீட்டர், அயிலைக்கு 14. உக்கடத்துக்கு வரும் மத்தியில் ஒரு பகுதி அங்கிருந்து வருவதே. பத்துச் சென்டிமீட்டர் என்பது ஏறக்குறைய ஆள்காட்டி விரலைவிடச் சற்றே நீளம்.