ஹோஸ்டைக் காலி செய்தல்: சர்வர் மெய்நிகராக்கத்தில் புதுப்பிப்பும் பழுதறிதலும், 1967–2025

ஒரு சர்வரில் முப்பது மெய்நிகர் இயந்திரங்கள் ஓடுகின்றன. ஒன்றில் வங்கியின் தரவுத்தளம், இன்னொன்றில் மின்னஞ்சல், வேறொன்றில் எல்லோரும் மறந்துபோன பழைய சம்பளக் கணக்கு மென்பொருள். இவை அனைத்துக்கும் அடியில் இருக்கும் ஹைப்பர்வைசருக்குப் பேட்ச் வந்தால் அந்த சர்வரை, அதாவது ஹோஸ்டை, ரீபூட் செய்தாக வேண்டும். செய்தால் முப்பதும் விழும். மெய்நிகராக்கம் எதனால் லாபகரமானதோ அதனாலேயே அதைப் புதுப்பிப்பது சிக்கலானது. இச்சிக்கலை நிர்வாகிகள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக எப்படிக் கையாண்டு வந்தார்கள் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இந்த வரலாற்றைக் கருவிகளின் வரிசையாகச் சொல்வது வழக்கம். முதலில் கட்டளை வரி, பிறகு அப்டேட் மேனேஜர், பிறகு லைஃப்சைக்கிள் மேனேஜர் என்று அந்தக் கதை நீளும். அது தவறில்லை, ஆனால் மேலோட்டமானது. ஓடும் இயந்திரங்களை வேறிடத்துக்கு மாற்றி ஹோஸ்டைக் காலி செய்ய முடிந்ததா இல்லையா என்பதே ஒவ்வொரு காலகட்டத்திலும் புதுப்பிப்பைத் தீர்மானித்தது என்பது என் வாதம். காலி செய்ய முடிந்தவர்கள் பேட்சின் தரத்தைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். முடியாதவர்கள் பேட்சையே தள்ளிப்போட்டார்கள்.

மூல நிரல் கையில் இருந்த காலம்

அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் இருந்த ஐபிஎம் அறிவியல் மையத்தில் ராபர்ட் கிரீசியின் குழு உருவாக்கிய சிபி-40, 1967 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் வாரிசான சிபி-67, சிஸ்டம்/360 மாடல் 67 கணினிக்கானது. இந்த அமைப்பின் ஆரம்பகால மதிப்புகளில் ஒன்று, ஒரு புதிய இயங்குதளத்தை மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஓட்டிச் சோதிக்க முடிந்தது. மேலே ஓடுவதைப் பாதுகாப்பாக மாற்றலாம் என்பது அன்றே தெரிந்துவிட்டது. அடியில் இருப்பதை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் விரைவிலேயே பாடம் கிடைத்தது.

எம்ஐடியின் நகர்ப்புற அமைப்புகள் ஆய்வகத்தில் சிபி-67ஐப் பராமரித்தவர் டாம் வான் விளெக். முனைய வரியின் நீளம் 255 பைட்டுக்கு மேல் போகாது என்ற நம்பிக்கையில், நீளக் கணக்கை ஒரே பைட்டில் முடிக்கும்படி அவர் நிரல் எழுதியிருந்தார். பிறகு ஒரு புதிய சாதனத்துக்காக வரி நீளத்தின் வரம்பு உயர்த்தப்பட்டது. ஒரு பைட் கணக்கு மட்டும் அப்படியே நின்றுவிட்டது. விளைவாக சிபி-67 ஒரே நாளில் 27 முறை விழுந்தது. விழுந்த ஒவ்வொரு முறையும் நாலைந்து நிமிடத்தில் எழுந்தும்விட்டது. இல்லையென்றால் ஒரு நாளில் 27 முறை விழ நேரம் ஏது? சிறிய மாற்றம், தொடர்பில்லாத இடத்தில் விளைவு, எல்லாப் பயனர்களுக்கும் ஒரே நேரத்தில் அடி: இன்றைய நிர்வாகிக்குப் பழக்கமான மூன்றும் அந்தச் சம்பவத்திலேயே உண்டு.

பழுதைக் கண்டுபிடிக்க அவர்களிடம் இருந்த பெரிய ஆயுதம் மூல நிரல். 1972 ஆகஸ்டில் ஐபிஎம் அறிவித்த விஎம்/370 மூல நிரலோடுதான் வாடிக்கையாளரிடம் போனது. மூலக் கோப்பைத் தொடாமல், அதன்மேல் செய்ய வேண்டிய திருத்தங்களை வரிசை எண்களோடு தனிக் கோப்பில் எழுதி, உரிய வரிசையில் ஏற்றும் கட்டளை, விஎம்/370இன் பயனர் சூழலான சிஎம்எஸ்ஸில் இருந்தது. ஐபிஎம்மின் திருத்தமும் உள்ளூர்த் திருத்தமும் மோதினால் எந்த வரியில் மோதின என்பது கண்ணுக்குத் தெரியும். 1983 பிப்ரவரியில் ஐபிஎம், இனி மூல நிரல் தருவதில்லை, தொகுக்கப்பட்ட நிரல் மட்டுமே என்ற கொள்கையை அறிவித்தபோது பயனர்களிடையே எழுந்த எதிர்ப்பு வெறும் பிடிவாதமாக எனக்குத் தோன்றவில்லை. பழுதறியும் அதிகாரம் தங்கள் கையைவிட்டுப் போகிறது என்பதை அவர்கள் சரியாகவே உணர்ந்தார்கள்.

நகரும் இயந்திரங்கள்

எக்ஸ்86 உலகத்துக்கு மெய்நிகராக்கம் தாமதமாக வந்தது. 1998இல் தொடங்கப்பட்ட விஎம்வேர், 2001இல் இஎஸ்எக்ஸ் சர்வரை வெளியிட்டது. அதில் ரெட் ஹேட் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட சர்வீஸ் கன்சோல் ஒன்று இருந்தது. நிர்வாகிகள் அதற்குள் நுழைந்து, தெரிந்த லினக்ஸ் கட்டளைகளால் லாக் பார்த்தார்கள், பேக்கப் ஏஜென்ட் போட்டார்கள். ஆனால் கன்சோலில் இருந்த லினக்ஸ் பொதிகளுக்கு வரும் பாதுகாப்புத் திருத்தங்களையும் ஹைப்பர்வைசரின் திருத்தங்களோடு சேர்த்துச் சுமக்க வேண்டியிருந்தது. மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டுவதில் பங்கே இல்லாத ஒரு பொதிக்காக ஹோஸ்டை நிறுத்த வேண்டிய நிலை அது. கன்சோல் இல்லாத இஎஸ்எக்ஸ்ஐ வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 2011இல் வந்த விஎம்வேரின் விஸ்பியர் 5 தொகுப்பிலிருந்து இஎஸ்எக்ஸ்ஐ மட்டுமே நின்றது.

உண்மையான திருப்பம் அதற்கு முன்பே, 2003இல், விமோஷனோடு வந்துவிட்டது. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் நினைவகப் பக்கங்கள் அடுத்த ஹோஸ்டுக்கு நகலாகும். நகலாகும் நேரத்தில் மாறிய பக்கங்கள் மறுபடி நகலாகும். மிச்சம் சிறிதான பின் ஒரு கணம் நிறுத்தி, எஞ்சியதை அனுப்பி, அந்தப் பக்கம் தொடரச் செய்வார்கள். ஜென் என்ற ஹைப்பர்வைசரின் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், குவேக் 3 விளையாட்டு சர்வர் ஒன்றை ஆட்டத்தின் நடுவே நகர்த்தி, 60 மில்லிவினாடி இடைவெளியைக் காட்டினார்கள். 2006இல், இயந்திரங்களை ஹோஸ்டுகளிடையே தானாகப் பகிரும் டிஆர்எஸ் வந்தபின் ஹோஸ்டை மெயின்டனன்ஸ் மோடில் போட்டால் போதும். கிளஸ்டர் தானே அதைக் காலி செய்துவிடும். பேட்ச் போட்டு, ரீபூட் செய்து, அடுத்த ஹோஸ்டுக்குப் போகலாம். குடியிருப்பவரை அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு அஸ்திவாரத்தைச் சரிசெய்வது போன்ற இந்த ஏற்பாடு, நள்ளிரவில் எல்லாவற்றையும் நிறுத்தும் வழக்கத்தைக் கிளஸ்டர் வைத்திருந்தவர்களிடம் குறைத்தது. (நியூயார்க்கில் சனிக்கிழமை நள்ளிரவு என்றால் சென்னையில் இருந்து அந்த சர்வர்களைப் பார்த்துக்கொள்பவருக்கு ஞாயிறு காலை, வார விடுமுறை எப்படியும் போனதுதான்.) அப்டேட் மேனேஜர் 2007 இறுதியில்தான் வந்தது. ஏற்கெனவே சாத்தியமாகிவிட்ட ஒன்றை அது தானியங்கியாக்கியது.

2008 ஆகஸ்ட் 12

காலி செய்யும் வசதியே கைவிட்டால் என்ன ஆகும் என்பதை இஎஸ்எக்ஸ் 3.5 அப்டேட் 2 காட்டியது. அது வெளியானது 2008 ஜூலை இறுதியில். ஆகஸ்ட் 12 பிறந்ததும், அதை நிறுவியிருந்த ஹோஸ்டுகளில் அணைந்திருந்த மெய்நிகர் இயந்திரம் எதுவும் இயங்க மறுத்தது. திரையில் வந்தது பொதுவான உள்பிழைச் செய்தி மட்டுமே. அந்த இயந்திரத்துக்கு உரிய லாகைத் திறந்தவர்களுக்குத்தான் உண்மை தெரிந்தது: மென்பொருளின் காலம் முடிந்துவிட்டது, ஹோஸ்டின் தேதியைச் சரிபாருங்கள் என்று அதில் எழுதியிருந்தது. சோதனைப் பதிப்புகளுக்கான காலாவதி நிரல், நீக்கப்படாமல் இறுதி வெளியீட்டில் தங்கிவிட்டது. ஒரு மாதத்துக்கு முன்புதான் விஎம்வேரின் தலைமைப் பொறுப்பேற்ற பால் மாரிட்ஸ் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

ஓடிக்கொண்டிருந்த இயந்திரங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் விமோஷனும் அதே சோதனையில் தடுக்கப்பட்டது. அதாவது பழுதான ஹோஸ்டைக் காலி செய்து பேட்ச் போடும் வழியே அடைபட்டது. எக்ஸ்பிரஸ் பேட்ச் வரும்வரை கையில் இருந்த தற்காலிக வழி, நேரத்தை ஒத்திசைக்கும் என்டிபியை நிறுத்திவிட்டு ஹோஸ்டின் தேதியை ஆகஸ்ட் 12க்கு முன்னால் கொண்டுபோவது. இதிலும் ஒரு பொறி உண்டு. புதிதாக இயக்கப்படும் மெய்நிகர் இயந்திரம் தன் கடிகாரத்தை ஹோஸ்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும். உள்நுழைவைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் நெறிமுறை வழக்கமாக ஐந்து நிமிட வேறுபாட்டுக்கு மேல் பொறுக்காது. எனவே டொமைன் கன்ட்ரோலரை எழுப்பப் போய், உள்நுழைவு முழுவதையும் கெடுத்துக்கொள்ளும் ஆபத்து இருந்தது. புதுப்பிப்பை உடனே போட்ட ஒழுங்கானவர்கள் அடிபட்டார்கள், சோம்பலால் பழைய பதிப்பில் இருந்தவர்கள் தப்பினார்கள். புதிய வெளியீட்டைச் சில வாரம் காத்திருந்து போடும் வழக்கத்துக்கு இப்படிப்பட்ட அனுபவங்கள் வலுச் சேர்த்தன.

நம்பிக்கை தேய்ந்த ஆண்டுகள்

2014 செப்டம்பர் இறுதியில், ஜென்னில் கண்டறியப்பட்ட எக்ஸ்எஸ்ஏ-108 என்ற ஓட்டையை அடைக்க, அமேசான் தன் இசி2 சேவையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை ரீபூட் செய்ய வேண்டியிருந்தது. அக்டோபர் 1 அன்று விவரம் பொதுவெளிக்கு வருவதற்குள் முடிக்க வேண்டிய வேலை அது. அதே காலத்தில் கூகுளின் கம்ப்யூட் எஞ்சின் பராமரிப்புக்காக இயந்திரங்களை ஓடும் நிலையிலேயே நகர்த்திக்கொண்டிருந்தது. உலகின் மிகப் பெரிய மேக நிறுவனமானாலும், காலி செய்யும் வசதி இல்லையென்றால் ரீபூட் அறிவிப்புத்தான்.

2018இல் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற செயலி ஓட்டைகள் சிக்கலை இன்னும் ஓர் அடுக்குக் கீழே, செயலிக்குள், கொண்டுபோயின. ஜனவரி 9 அன்று விஎம்வேர் தந்த பேட்சில் இன்டெலின் மைக்ரோகோடும் இருந்தது. சில செயலிகளில் அது எதிர்பாராத ரீபூட்டை உண்டாக்க, அதே வாரத்தில் திரும்பப் பெறப்பட்டது. ஏற்கெனவே போட்டுவிட்டவர்களுக்கு ஹோஸ்டின் உள்ளமைவுக் கோப்பில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்கள். செயலியின் புதிய வசதியை மெய்நிகர் இயந்திரங்களின் கண்ணில் படாமல் அது மறைக்கும்.

2021 அக்டோபர் 5 அன்று வந்த விஸ்பியர் 7.0 அப்டேட் 3இன் கதை இதைவிட மோசம். இன்டெல் நெட்வொர்க் டிரைவரின் பெயர் பதிப்புக்குப் பதிப்பு மாறியதால், ஒரே டிரைவரின் இரு வடிவங்கள் ஹோஸ்டில் தங்கி, மேம்படுத்தலைத் தடுத்தன. வேறு பழுதுகளும் சேர, நவம்பரில் நிறுவனம் அந்த வெளியீட்டையே விலக்கிக்கொண்டது. அடுத்த மாதமே லாக்4ஜே என்ற லாக் நூலகத்தின் ஓட்டை வெளிப்பட்டு, ஹோஸ்டுகளை மையமாக நிர்வகிக்கும் விசென்டரையும் பாதித்தது. அப்டேட் 3சி 2022 ஜனவரி 27 அன்று வரும்வரை, விசென்டர் 7.0 வைத்திருந்தவர்கள் ஒரு பைதான் ஸ்கிரிப்டை ஓட்டிக் காலம் தள்ளினார்கள்.

இவற்றுக்கு நடுவே, கண்ணுக்குப் படாமல் நன்றாக வேலை செய்த ஓர் ஏற்பாட்டையும் சொல்ல வேண்டும். இஎஸ்எக்ஸ்ஐ தன்னை இரண்டு பூட் பேங்குகளில் வைத்திருக்கிறது. புதுப்பிப்பு, பயன்பாட்டில் இல்லாத பேங்கில் எழுதப்படும். அடுத்த ரீபூட்டில் அது முன்னுக்கு வரும். கெட்டுப்போனால், துவக்கத்தின்போது ஷிஃப்ட்டையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்திப் பழைய பேங்குக்குத் திரும்பலாம். பேட்சின் தரத்தை நம்ப முடியாத ஆண்டுகளில் எத்தனையோ இரவுகளைக் காப்பாற்றிய வசதி இது.

ஒற்றை ஹோஸ்ட்

2023 பிப்ரவரி 3 அன்று, இணையத்தில் திறந்துகிடந்த இஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்டுகளை ஒரு கப்பம் கேட்கும் நச்சுநிரல் தாக்குவதாக பிரான்ஸின் செர்ட் அமைப்பு எச்சரித்தது. இஎஸ்எக்ஸ்ஐஆர்க்ஸ் என்று அழைக்கப்பட்ட அது, ஓப்பன்எஸ்எல்பி சேவையின் ஓட்டை வழியாக, 427ஆம் போர்ட்டில் நுழைந்ததாகக் கருதப்பட்டது. சந்தேகிக்கப்பட்ட முதன்மையான ஓட்டையான சிவிஇ-2021-21974க்கு பேட்ச் வந்தது 2021 பிப்ரவரி 23 அன்று. கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகள் அந்த ஹோஸ்டுகள் பேட்ச் இல்லாமலே ஓடியிருக்கின்றன.

இதை நிர்வாகிகளின் அலட்சியம் என்று எழுதிவிட்டு நகர்வது எளிது. ஆனால் அடிபட்டவற்றில் பல, வாடகைக்கு எடுத்த தனி சர்வர்கள். தனி சர்வருக்கு இயந்திரங்களை நகர்த்தப் பக்கத்து ஹோஸ்ட் இல்லை. இலவச உரிமத்தில் ஓடும் ஹோஸ்டை விசென்டரில் சேர்க்கவும் முடியாது. அங்கே ஒவ்வொரு பேட்சும் முழு நிறுத்தம்தான், 1967இல் இருந்ததைப் போலவே. பேட்ச் போடாமல் விட்டதற்குச் சோம்பல் ஒரு காரணம் என்றால், அந்தச் சோம்பலுக்குக் கூலி கொடுத்தது இந்த அமைப்பு.

மீட்பு நடந்த விதம் பழுதறியும் மரபுக்கு நல்ல சான்று. மெய்நிகர் வட்டு ஒன்றில் இரண்டு கோப்புகள் உண்டு: வட்டின் அளவும் வடிவமும் எழுதப்பட்ட சிறு விவரக் கோப்பு, உண்மையான தரவு இருக்கும் பெரிய ஃப்ளாட் கோப்பு. நச்சுநிரலின் முதல் வடிவம் சிறியதைக் குறியாக்கம் செய்தது, பெரியதைப் பல இடங்களில் விட்டுவிட்டது. தொலைந்த விவரக் கோப்பை மறுபடி உருவாக்கும் முறை நிர்வாகிகளுக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும்: அதே அளவில் புதிய வட்டை உருவாக்கி, அதன் விவரக் கோப்பை எடுத்து, பழைய ஃப்ளாட் கோப்பின் பெயரை அதில் காட்டினால் போதும். துருக்கியைச் சேர்ந்த இரு ஆய்வாளர்கள் இந்த வழியை வெளியிட, அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா பிப்ரவரி 7க்குள் அதை ஸ்கிரிப்டாகத் தந்தது. சில நாளில் நச்சுநிரலின் புதிய வடிவம் வந்து, பெரிய கோப்பிலும் கூடுதலாகக் கைவைத்தது.

2023 நவம்பரில் பிராட்காம் விஎம்வேரை வாங்கியபின், காலி செய்ய முடிந்தவர்களுக்கும் ஒரு புதிய தடை வந்திருக்கிறது. நிரந்தர உரிமங்களின் விற்பனை டிசம்பரில் நின்றது. 2025 ஏப்ரலிலிருந்து பேட்சைப் பதிவிறக்கும் முகவரிக்கே வாடிக்கையாளருக்கு உரிய டோக்கன் தேவைப்படுகிறது. மூல நிரல் 1983இல் கையைவிட்டுப் போகத் தொடங்கியது; இப்போது பேட்சும் ஒப்பந்தத்துக்குள் அடங்கிவிட்டது. விஸ்பியர் 7க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 2 அன்று முடிந்தது. அதில் இன்னும் ஓடும் ஒற்றை ஹோஸ்டுகளில்தான் அடுத்த தாக்குதல் தொடங்கும் என்று எதிர்பார்ப்பதே நியாயம்.