ஹரியற்றின் கடற் குறிப்பேடு

வின்ஸ்லோ என்றதும் நமக்கு நினைவில் வருவது 1862இல் வெளிவந்த தமிழ் - ஆங்கிலப் பேரகராதிதான். நேயர்களே, இன்று நாம் பேசப்போவது அந்த அகராதிகாரரைப் பற்றியல்ல, அவருடைய முதல் மனைவி ஹரியற்றைப் பற்றி.

அமெரிக்காவில், கனெக்ரிக்கட் மாநிலத்தில் 1796இல் பிறந்தவர். மணமாகி ஐந்து மாதத்தில், 1819 ஜூன் 8ஆம் திகதி, பொஸ்ரனில் 'இந்துஸ்' என்னும் பாய்க்கப்பலில் கணவருடன் ஏறினார். வயது 23. கல்கத்தா வந்துசேர நான்கு மாதங்களுக்கு மேலாயிற்று. கூட வந்த மருத்துவர் ஸ்கடரின் கைக்குழந்தையைக் கல்கத்தாவிலேயே அடக்கஞ் செய்தார்கள்.

ஹரியற்றின் குறிப்பேட்டில் பிரயாண வேடிக்கைகளைத் தேடுபவர் ஏமாந்து போவர். பெற்றோரை இனிக் காண்போமா என்ற ஏக்கம், தன் விசுவாசம் போதாதென்ற ஓயாத சுயகண்டனம், இவைதாம் அதிகம். சலிப்புத் தட்டும் பக்கங்களும் உண்டு. ஆயினும், ஒரு கடிதத்துக்குப் பதில் வர ஓராண்டு பிடித்த காலம் அது என்பதை மறந்துவிடலாகாது.

1820இல் உடுவிலில் குடியேறினர். புதிய அமெரிக்க மிஷனரிமார் வருவதற்கு அவ்வாண்டு முதலே ஆங்கில அரசு தடை போட்டது. ஆகவே பேச்சுத் துணைக்குப் புதியவர் எவருமில்லை. இங்கு பிறந்த மகன் சார்ள்ஸைப் படிப்புக்காக அமெரிக்கா அனுப்பினர். 1832இல் அவன் அங்கேயே இறந்தான். மறு ஆண்டு ஜனவரியில் ஹரியற்றும் உடுவிலில் கண் மூடினார்.

குறிப்பேட்டையும் கடிதங்களையும் தொகுத்து 1835இல் நூலாக்கியவர் கணவர். அவர் விட்டுவைத்த துயரத்தையே நாம் படிக்கிறோம். அவர் நீக்கியது எவ்வளவோ!

ஹரியற்றின் முயற்சியால் 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலை தொடங்கியது. பெண்ணைப் படிக்க விட்டால் யார் கட்டுவார் என்று தாய் தகப்பன் தயங்கிய காலம். படிப்பு முடித்த பெண்ணுக்கு மிஷனே சிறு சீதனமும் கொடுக்க வேண்டியிருந்தது. பிள்ளைகள் பலருக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கரின் பெயர்களே சூட்டப்பட்டன. வீட்டைப் பிரிந்து வந்த அந்தச் சிறுமியரும் இரவில் அழுதிருப்பர். ஹரியற்றின் அழுகை அச்சேறியது. இவர்களுடைய சொந்தப் பெயர்களையே பழைய பதிவுகளில் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கிறது.