வசந்தமாக வேடம் கட்டிய பையன்

வங்காளத்தில் சரஸ்வதி பூஜை நம் ஊரைப்போல நவராத்திரியோடு சேர்ந்து வருவதில்லை. தை, மாசியில், வளர்பிறைப் பஞ்சமியில் வரும். வசந்த பஞ்சமி. அன்று பிள்ளைகள் மஞ்சள் உடுத்திப் புத்தகங்களைத் தேவியின் காலடியில் அடுக்கிவிடுவார்கள். பிறகு, அன்றைக்குப் படிக்கவே கூடாது என்ற சட்டத்தை மிகுந்த பக்தியோடு கடைப்பிடிப்பார்கள். 1907 ஜனவரியில் அந்த நாள் வந்தபோது, கொல்கத்தாவிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தள்ளி, போல்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் செம்மண் பொட்டலில் இருந்த ஒரு சிறு பள்ளிக்கூடத்தில் தேவி சிலை இல்லை. வைக்கவும் முடியாது. இடத்தின் பத்திரத்திலேயே சிலை வழிபாட்டுக்குத் தடை. பையன்கள் வேறொன்று செய்தார்கள். சிலர் வசந்தமாகவும் ஒருவன் மழைக்காலமாகவும் வேறு சிலர் சரத்காலமாகவும் வேடம் கட்டிக்கொண்டு ஒரு விழா நடத்தினார்கள். அதற்குப் பெயர் ருது உற்சவம், பருவங்களின் விழா. முன்னின்று நடத்தியவன் பத்து வயது ஷமீந்திரநாத், சுருக்கமாக ஷமி. வசந்தமாக நின்றவர்களில் அவனும் ஒருவன். பள்ளிக்கூடத்தை நடத்திய ரவீந்திரநாத் தாகூரின் ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி.

அந்தப் பள்ளிக்கூடம் இருந்த சாந்திநிகேதனின் வசந்த உற்சவம் பிறந்தது அன்றைக்குத்தான். தாகூர் ஹோலியை அழகுபடுத்தித் தன் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார் என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதுகின்றன. 1907இல் பல்கலைக்கழகமும் இல்லை, ஹோலியும் இல்லை. வண்ணப்பொடி அந்த விழாவுக்குள் நுழைய இன்னும் பல ஆண்டுகள் இருந்தன.

அந்த ஊரில் அதற்கு முன்பே ஒரு பெருநாள் உண்டு. அது பிறந்த விதமே வேறு. ஷமியின் தாத்தா தேவேந்திரநாத் 1863இல் அங்கே இருபது பிகா நிலத்தை ஆண்டுக்கு ஐந்து ரூபாய் வாடகையில் நிரந்தரக் குத்தகைக்கு எடுத்தார். வெறும் பொட்டல். நிழல் என்று சொல்ல ஏழிலைப்பாலை மரங்கள். தியானத்துக்கு வருகிறவர்களுக்காக அதை ஆசிரமமாக்கி, 1888இல் ஓர் அறக்கட்டளைப் பத்திரம் எழுதிவைத்தார். சிலை வழிபாடு கூடாது, புலால் கூடாது என்ற விதிகளோடு, தர்ம உணர்வு வளர்வதற்காக ஆண்டுதோறும் ஒரு மேளா நடத்த அறங்காவலர்கள் முயல வேண்டும் என்றும் அதில் எழுதினார். மேளாவில் மதுவும் மாமிசமும் தவிர எந்தப் பொருளையும் விற்கலாம். இவ்வளவு கறாராகத் திட்டமிடப்பட்ட திருவிழா உலகில் வேறெங்கும் இருக்குமா என்று தெரியவில்லை. நாளையும் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. வங்காளப் பஞ்சாங்கத்தின் பௌஷ மாதம் ஏழாம் தேதி, 1843இல் அவர் பிரம்ம சமாஜத்தில் தீட்சை பெற்ற நாள். 1891இல் அதே தேதியில் கண்ணாடிப் பிரார்த்தனை மண்டபம் திறந்தார்கள். 1894இல் முதல் பௌஷ மேளா நடந்தது. 1901இல் மகன் ரவீந்திரநாத் ஐந்து மாணவர்களோடு பள்ளியைத் தொடங்கியதும் பௌஷம் ஏழில்தான். 1921இல் அவருடைய பல்கலைக்கழகமான விஸ்வபாரதியின் தொடக்கவிழா மறுநாளான எட்டில் நடந்தது. டிசம்பர் கடைசியில் வரும் அந்தக் குளிர்நாள்கள் ஆசிரமத்துக்கே பிறந்தநாள் போல ஆகிவிட்டன.

ஆக, தாத்தாவின் மேளாவுக்குக் கையெழுத்திட்ட பத்திரம் உண்டு. பேரனின் விழாவுக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. இந்த வித்தியாசம் நூறு வருஷத்துக்குமேல் கழித்து வந்து வேலை காட்டியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஷமி அந்த விழாவை நடத்தியபோது வீட்டில் ஆள் குறைந்துகொண்டே வந்திருந்தது. அம்மா மிருணாளினி 1902 நவம்பர் 23 அன்று போய்ச் சேர்ந்தார். அக்கா ரேணுகா 1903இல். தாத்தா 1905இல். அண்ணன் ரதீந்திரநாத், அந்த முதல் ஐந்து மாணவர்களில் ஒருவர், அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்துக்கொண்டிருந்தார். 1907 துர்கா பூஜை விடுமுறைக்கு ஷமி ஒரு நண்பனின் குடும்பத்தோடு பீகாரில் உள்ள முங்கேருக்குப் போனான். அங்கே காலரா. தகவல் கிடைத்து அப்பா ஓடிப்போய்ச் சேர்ந்தார். காப்பாற்ற முடியவில்லை. அதுவும் நவம்பர் 23. அம்மா போன அதே தேதி, ஐந்து வருஷம் கழித்து. பையனுக்குப் பதினோரு வயது முடியச் சில நாள்களே இருந்தன.

தாகூர் இதைப்பற்றி அப்போது அதிகம் பேசவில்லை. இருபத்தைந்து வருஷம் கழித்து, 1932இல், மகள் மீராவின் ஒரே மகன் ஜெர்மனியில் இறந்தபோது அவளுக்கு எழுதிய கடிதத்தில்தான் அந்த இரவு வெளியே வருகிறது. ஷமி போன மறுநாள் இரவு ரயிலில் திரும்பிக்கொண்டிருக்கிறார். வெளியே வானம் முழுக்க நிலவு. எதுவும் குறைந்துபோனதற்கான அடையாளமே அதில் இல்லை. குறையவில்லை என்றே தன் மனமும் சொல்லியதாக எழுதுகிறார். எல்லாம் இருக்கிறது, அந்த எல்லாவற்றுக்குள் நானும் இருக்கிறேன், என் வேலையும் மிச்சமிருக்கிறது என்கிற பொருளில். மகனை இழந்த இன்னொரு பெற்றவளுக்குச் சொல்ல அவரிடம் இருந்த ஆறுதல் அது ஒன்றுதான்.

அடுத்த ஆண்டு, 1908 மழைக்காலத்தில், பள்ளியில் மழைக்கு ஒரு விழா எடுத்தார்கள். புதிதாக வந்து சேர்ந்திருந்த சமஸ்கிருத அறிஞர் க்ஷிதிமோகன் சென் (அமர்த்தியா சென்னின் தாய்வழித் தாத்தா) போன்ற ஆசிரியர்கள் அதை நடத்தினார்கள். அதே ஆண்டு தாகூர் ‘சாரதோத்சவ்’ எழுதினார். சரத்கால விடுமுறையைக் கொண்டாடும் நாடகம், பையன்கள் நடிப்பதற்கென்றே எழுதியது. ஷமியின் நினைவில்தான் எழுதினார் என்று அடித்துச் சொல்ல ஆதாரம் எதையும் நான் கண்டதில்லை. ஆனால் வரிசையைப் பாருங்கள்: முதலில் ஒரு சிறுவன் பருவங்களுக்கு வேடம் கட்டுகிறான், பிறகு ஆசிரியர்கள் மழையை வரவேற்கிறார்கள், அதன் பிறகே கவிஞர் பருவ நாடகத்துக்குப் பேனா எடுக்கிறார். பிள்ளைகள் காட்டிய வழியில் அவர் போனார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1915இல் ‘பால்குனி’ வந்தது. வசந்தத்தின் நாடகம். அதில் வரும் குருட்டு பாவுல் (நாடோடிப் பாடகர்) வேடத்தில் அவரே மேடையேறினார். 1923இல் வந்த ‘வசந்த’ என்ற இசை நாடகத்தை, கவிதை எழுதியதற்காகச் சிறையில் இருந்த நஜ்ருல் இஸ்லாம் என்ற இளைஞருக்குக் காணிக்கையாக்கினார். நோபல் பரிசு வாங்கிய கவிஞர் கைதியின் பெயரை நூலின் முகப்பில் போட்டது அன்றைக்குச் சின்ன விஷயமில்லை.

1920களில்தான் வசந்தத்தின் நாள் நகர்ந்தது. பஞ்சமியிலிருந்து பால்குன மாதப் பௌர்ணமிக்கு, வங்காளிகள் ‘தோல்’ என்று சொல்லும் ஹோலிக்கு மெல்ல வந்து சேர்ந்தது. சேறும் சாயத்தண்ணீருமாகத் தெருவில் ஆடுகிற ஹோலி வேண்டாம், உலர்ந்த அபீர்ப் பொடி மட்டும் போதும் என்று ஆசிரமம் வைத்துக்கொண்டது. கிருஷ்ணனும் ராதையும் ஊஞ்சலில் ஆடுகிற பண்டிகையிலிருந்து சாமியை எடுத்துவிட்டுப் பருவத்தை மட்டும் வைத்துக்கொண்டது என்றும் சொல்லலாம். சிலை வைக்காத இடத்தில் வேறு எப்படிச் செய்வது?

நடனம் வந்ததுதான் பெரிய பாடு. 1919இல் சில்ஹெட்டில் மணிப்புரி நடனம் பார்த்து மயங்கிய தாகூர், திரிபுராவிலிருந்து புத்திமந்த சிங் என்ற ஆசிரியரை வரவழைத்தார். ஆனால் ‘நடனம்’ என்று பெயர் சொல்லிவிட முடியாது. நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் ஆடுவதா என்று கொல்கத்தா கேட்கும். அதனால் தாளத்துக்கு ஏற்ற உடற்பயிற்சி என்ற பெயரில் முதலில் பையன்களுக்கே சொல்லிக்கொடுத்தார்கள். 1926இல் ‘நடீர் பூஜா’ நாடகத்தில் ஓவியர் நந்தலால் போஸின் மகள் கௌரி ஆடிய பிறகுதான் அந்தத் திரை கொஞ்சம் விலகியது. இன்று வசந்த உற்சவத்தின் புகைப்படம் என்றாலே மஞ்சள் புடவையில் வரிசையாக ஆடிவரும் பெண்கள்தான். அந்த வரிசைக்குப் பின்னால் இத்தனை தயக்கம் இருந்தது.

பாட்டில் நம் பக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு. தெற்கேயிருந்து போய்ப் படித்த சாவித்திரி என்ற மாணவி (பின்னாளில் சாவித்திரி கிருஷ்ணன்) தாகூருக்குக் கர்நாடக சங்கீதக் கீர்த்தனைகளைப் பாடிக்காட்டுவார். முத்துசுவாமி தீட்சிதரின் ‘மீனாட்சி மே முதம்’ கேட்டு அதே மெட்டில் தாகூர் ஒரு வங்காளப் பாட்டுக் கட்டினார். அது வசந்தத்தைப் பெண்ணாக அழைக்கும் பாட்டு. மதுரை மீனாட்சியைப் பாடிய பூர்விகல்யாணி, செம்மண் நாட்டில் வேனில் தேவதைக்குப் போய்விட்டது. தீட்சிதர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆங்கில பாண்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருதம் எழுதியவர்தானே அவர்.

விழாவின் காலை இப்படித்தான் விடியும். பெண்கள் மஞ்சள் புடவையிலும், ஆண்கள் வெள்ளை ஜிப்பாவும் மஞ்சள் அங்கவஸ்திரமுமாகவும் ஊர்வலம் புறப்படும். வீட்டுக்குள் அடைந்திருக்கிறவர்களைக் கதவைத் திறந்து வெளியே வரச் சொல்லும் பாட்டுதான் புறப்பாட்டுப் பாட்டு. பள்ளிச் சிறுவர் முதல் பல்கலைக்கழக மாணவர் வரை வரிசையில் ஆடியபடி போவார்கள். முன்பெல்லாம் மாந்தோப்புக்குள்ளேயே விழா நடந்தது. கூட்டம் பெருகிய பிறகு திறந்த மைதானத்துக்கு மாறியது. பாட்டும் ஆட்டமும் வாசிப்பும் முடியும்வரை யாரும் பொடியைத் தொடக்கூடாது. கடைசிப் பாட்டு அடங்கியதும்தான் அபீர் பறக்கும். அதுவும் முதலில் பெரியவர்கள் காலில் ஒரு சிட்டிகை வைத்துவிட்டு, பிறகு சமவயதுக்காரர் கன்னத்தில். மாலையில் கௌர் பிராங்கண் முற்றத்தில் தாகூரின் நாட்டிய நாடகம் ஒன்று.

தலையில் செருக பலாசப் பூ வேண்டும். நம் புரசுதான், புரசைவாக்கத்துக்குப் பெயர் கொடுத்த அதே மரம். ஒரு காலத்தில் உதிர்ந்ததைப் பொறுக்கினார்கள். பிறகு கொல்கத்தாவிலிருந்து ரயில் ரயிலாக வந்தவர்கள் கிளையோடு ஒடித்தார்கள், சந்தையில் மாலையாக விற்றார்கள். பலாசம் சூடி வர வேண்டாம் என்று பல்கலைக்கழகமே தடை போடும் அளவுக்குப் போயிற்று. வசந்தத்தைக் கொண்டாட வந்தவர்கள் வசந்தத்தையே ஒடித்தார்கள் என்று உள்ளூர்க்காரர்கள் புலம்பியதில் நியாயம் இருக்கிறது. விரல்விட்டு எண்ணக்கூடிய பையன்கள் நடத்தியதற்கு 2019இல் வந்த கூட்டம் லட்சத்தைத் தாண்டியது.

2020 மார்ச்சில் கொரோனா பயம் வந்து, கடைசி நேரத்தில் விழாவை ரத்து செய்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் பௌஷ மேளாவும் நின்றது. தொற்று தணிந்த பிறகும் இரண்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. கூட்டம், குப்பை, பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுகள், நிர்வாகத்துக்கும் ஊருக்கும் வளர்ந்த மனக்கசப்பு என்று காரணங்கள் குவிந்திருந்தன. போல்பூரில் மண்பாண்டமும் காந்தா தையலும் விற்றுப் பிழைப்பவர்களுக்கு அந்தச் சில நாள்தான் பெரிய வருமானம்.

இங்கேதான் பத்திரம் வேலை செய்தது. மேளா வேண்டும் என்று கேட்டவர்கள் 1888ஐ எடுத்துக் காட்டினார்கள். அறங்காவலர்கள் முயல வேண்டும் என்று தேவேந்திரநாத் எழுதியிருக்கிறாரே, முயன்றீர்களா? 2023இல் மாவட்ட நிர்வாகம் பூர்வபள்ளி மைதானத்தில் மேளாவை நடத்தியது. 2024இல் விஸ்வபாரதியும் சாந்திநிகேதன் அறக்கட்டளையும் சேர்ந்து தாங்களே திரும்ப எடுத்துக்கொண்டன. மேளா நின்றிருந்த இடைவெளியில், 2023 செப்டம்பரில், சாந்திநிகேதன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்திருந்தது.

வசந்த உற்சவத்துக்காக எடுத்துக் காட்ட யாரிடமும் காகிதம் இல்லை. 2023இல் அது ‘வசந்த வந்தனம்’ என்ற பெயரில், ஹோலிக்குச் சில நாள் முன்பே, மாணவர்களும் ஆசிரியர்களும் மட்டும் கூடும் நிகழ்ச்சியாக நடந்தது. பல்கலைக்கழகத்தின் பக்கமும் நின்று பார்க்கிறேன். லட்சம் பேரை மாந்தோப்புக்குள் விட்டால் மரம் மிஞ்சாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தங்களுக்குள் நடத்திக்கொள்வது 1907க்கு நெருக்கமானது என்று வாதிடவும் இடமிருக்கிறது. வெளியிலிருந்து வந்தவர்கள் அந்த ஆண்டுகளில் ஹோலியன்று சோனாஜூரிக் காட்டுச் சந்தையில் கூடி, பாவுல் பாடகர்களைச் சுற்றி நின்று, தங்களுக்குத் தெரிந்த தாகூர் பாட்டுகளைப் பாடிப் பொடி தூவினார்கள்.

உள்ளே ஊர்வலம் வழக்கம்போலப் புறப்படுகிறது. புறப்பாட்டுப் பாட்டும் மாறவில்லை. கதவைத் திறக்கச் சொல்லும் அதே பாட்டு. வாசலில் காவலாளி அடையாள அட்டை பார்க்கிறார்.